ஜாஸின் ஆப்பிரிக்க வேர்களும் அடிமை முறை விட்டுச்சென்ற இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர்கள் கொஞ்ச நாளில் வந்து நிற்கும் கேள்விகள் இவை. ஒரு வரியில் முடிகிற பதிலை ஒரு வரியிலேயே முடித்திருக்கிறேன். நியூ ஆர்லியன்ஸ் பற்றிய பதில்கள் மட்டும் நீளும். கதை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

ஜாஸ் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இசையா?

இல்லை. 1890களின் நடுவில் தொடங்கி 1910களுக்குள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருவான இசை அது. கார்னெட் என்ற சிறிய டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன், பியானோ எல்லாமே ஐரோப்பியக் கருவிகள். அடியில் ஓடும் ஹார்மனியும், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் முறையும், தேவாலயப் பாட்டிலிருந்தும் அணிவகுப்பு இசையிலிருந்தும் எடுத்ததுதான்.

ஆனால் அந்தக் கருவிகளை வாசித்த விதத்தை அன்றைய ஐரோப்பாவில் தேடினால் கிடைக்காது. ஒருவர் வரி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பதில் சொல்வது, ஓடுகிற தாளத்தின் மேல் இன்னொரு தாளத்தை ஏற்றுவது, ஸ்வரத்தை நேராகப் பிடிக்காமல் வளைப்பது, பித்தளைக் குழாயை உறும வைப்பது, ஒரே மெட்டை ஒவ்வொரு முறையும் வேறாக வாசிப்பது. இந்தப் பழக்கங்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் இருந்து வந்தவை. கப்பலில் பிடித்து வரப்பட்டவர்கள் கையில் எதுவும் கொண்டுவர முடியவில்லை. காதிலும் காலிலும் இருந்ததைப் பறிக்க மட்டும் யாராலும் முடியவில்லை.

எத்தனை பேர் கொண்டுவரப்பட்டார்கள்? எங்கிருந்து?

அட்லாண்டிக் கடலைத் தாண்டக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். இவர்களில் பெரும்பாலோர் பிரேசிலுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போனார்கள். இன்றைய அமெரிக்க நிலப்பகுதிக்கு நேரடியாக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கேள்விக்கு வேண்டியிருக்கும்.

லூசியானாவின் கதை தனி. நியூ ஆர்லியன்ஸை 1718இல் நிறுவியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அடுத்த ஆண்டே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்கள் வந்துவிட்டன. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் வந்தவர்களில் பெரும்பகுதியினர் செனகல், காம்பியா ஆறுகளை ஒட்டிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். தந்தி வாத்தியங்களுக்கும் நீட்டிப் பாடும் குரலுக்கும் பேர்போன சீமை அது. பின்னர் ஸ்பானிய ஆட்சியில் காங்கோ பக்கத்து மக்களும் நிறைய வந்து சேர்ந்தார்கள்.

கப்பலிலேயே பாட்டும் ஆட்டமும் இருந்ததாமே?

இருந்தது, ஆனால் சாட்டைக்குப் பயந்து. உடம்பு முடங்கிச் செத்துப்போனால் நஷ்டம் என்பதால், அடைபட்டவர்களை மேல்தளத்துக்கு ஏற்றி விலங்கோடு ஆடச் சொல்வது அடிமைக் கப்பல்களில் வழக்கம். அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயக் கப்பல் மருத்துவர் 1788இல் இதை எழுதிவைத்திருக்கிறார். மறுத்தாலோ மெதுவாக ஆடினாலோ அடி விழும்.

மேளம் அடிக்கத் தடை விதித்தது உண்மையா?

உண்மை, ஆனால் எல்லா இடத்திலும் ஒரேபோல இல்லை. 1739 செப்டம்பரில் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆயுதக் கடையை உடைத்து, கொடி பிடித்து, மேளம் கொட்டிக்கொண்டு தெற்கே நடந்தார்கள். மேளச் சத்தம் கேட்டுப் போகிற வழியில் இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். கிளர்ச்சியை அடக்கிய கையோடு, அடுத்த ஆண்டு வந்த சட்டம் மேளத்துக்கும் கொம்புக்கும் தடை போட்டது. ஆட்களைக் கூட்டும் கருவி அது என்று எஜமானர்களுக்குப் புரிந்துவிட்டது.

அப்புறம் என்ன ஆனது என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த பகுதி. தாளம் உடம்புக்குள் போனது. தொடையிலும் மார்பிலும் தட்டி, கால் மிதித்து, ஒரே ஆள் இரண்டு மூன்று தாளங்களைப் பின்னுகிற வித்தை வளர்ந்தது. அதற்கு ஜூபா என்று பெயர். நியூயார்க் மாநிலத்தின் சுதந்திர மனிதராக இருந்த சாலமன் நார்த்தப் என்ற ஃபிடில் கலைஞர், 1841இல் கடத்தப்பட்டு நியூ ஆர்லியன்ஸில் விற்கப்பட்டார். லூசியானாத் தோட்டங்களில் 12 ஆண்டு அடிமையாக இருந்துவிட்டு மீண்டு வந்தவர், ஜூபா தட்டுவதைக் கண்ணால் கண்டபடி எழுதியிருக்கிறார். அவருடைய ஃபிடில் ஓய்ந்த பிறகும் ஆட்டம் ஓயாதாம். தட்டலும் பாட்டுமாக விடியும்வரை போகுமாம்.

ஜார்ஜியா, தென் கரோலினாக் கடலோரத்தில் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். வட்டமாகச் சுற்றி வந்து பாடுவது. ஒருவர் தடியால் பலகைத் தரையில் தாளம் போடுவார், மற்றவர்கள் கைதட்டிப் பதில் பாடுவார்கள். ஒரே நிபந்தனை, கால்கள் ஒன்றையொன்று குறுக்காகத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது நடனம், நடனம் பாவம் என்பது தேவாலயத்தின் கட்டளை. தாண்டாத வரை அது ஜெபம்! ரிங் ஷவுட் எனப்படும் இந்தச் சடங்கை ஜார்ஜியாவின் மெக்கின்டாஷ் மாவட்டத்தில் இன்றும் பார்க்கலாம்.

பான்ஜோ வெள்ளைக்காரர்களின் நாட்டுப்புற வாத்தியம் இல்லையா?

இல்லை. சுரைக்குடுவையில் தோலைப் போர்த்தி, மரக்கம்பு செருகி, தந்தி கட்டிய வாத்தியம் மேற்கு ஆப்பிரிக்காவில் பல இனங்களிடம் உண்டு. காம்பியாப் பகுதியின் ஜோலா மக்களுடைய அகோன்ட்டிங் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கரீபியத்திலும் வட அமெரிக்காவிலும் அடிமைகள் அந்த நினைவிலிருந்து செய்ததுதான் பான்ஜோ. ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது என்று, பின்னால் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சனே 1780களில் எழுதியிருக்கிறார். அவரிடம் இருந்த அடிமைகள் நூற்றுக்கணக்கானவர்கள். 1830கள், 40களில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த வெள்ளைக்காரக் கூத்துக் குழுக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பிறந்த இடம் அப்படித்தான் மறைந்துபோனது.

காங்கோ சதுக்கம் என்றால் என்ன?

நியூ ஆர்லியன்ஸின் பழைய நகரத்துக்குப் பின்னால் இருந்த ஒரு திறந்தவெளி. பிரெஞ்சுச் சட்டப்படி அடிமைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அன்று அவர்கள் அங்கே கூடித் தாங்கள் விளைவித்த காய்கறி, பிடித்த மீன், பின்னிய கூடை எல்லாம் விற்பார்கள், பிறகு மேளம் கட்டி ஆடுவார்கள். சந்தையில் சேர்த்த காசைக் கொடுத்து விடுதலை வாங்கிக்கொள்ளும் உரிமை ஸ்பானிய ஆட்சியில் இருந்தது. அந்த ஊரில் சுதந்திரக் கறுப்பர்கள் அவ்வளவு பேர் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

லூசியானா 1803இல் அமெரிக்கா கைக்கு வந்தது. 1817இல் நகர நிர்வாகம், அடிமைகள் ஞாயிறு அன்று மட்டும், மேயர் குறித்த இடத்தில் மட்டுமே ஆடலாம் என்று உத்தரவு போட்டது. அடக்கத்தான் போட்டார்கள். ஆனால் மற்ற ஊர்களில் ஒளிந்து நடந்த ஒன்றுக்கு இங்கே அரசாங்கமே ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

1819இல் அங்கே வந்த கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லட்ரோபின் நாட்குறிப்புதான் நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி. மரத்தளத்தில் குதிரைகள் மிதிப்பது போன்ற ஒரு சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன் என்கிறார். ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமாகக் கூடியிருந்தார்கள். ஒரு கிழவர் மேளத்தின் மேல் கால் போட்டு உட்கார்ந்து கையாலும் விரலாலும் வாசித்தார். சுரைக்குடுவையில் செய்த தந்தி வாத்தியம் ஒன்று. அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் மனித உருவம் செதுக்கியிருந்தது. இதெல்லாம் லட்ரோபுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாத்தியங்களைப் பொறுமையாக வரைந்து வைத்திருக்கிறார், அவருக்கு நன்றி.

1893இல் அந்த இடத்துக்கு அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படைத் தளபதி போரிகார்டின் பெயரை வைத்தார்கள். காங்கோ சதுக்கம் என்ற பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பியது 2011இல்தான். இன்று அது ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பெயரிலுள்ள பூங்காவுக்குள் இருக்கிறது.

அப்படியானால் காங்கோ சதுக்கத்திலிருந்து நேராக ஜாஸ் வந்துவிட்டதா?

சுற்றுலா வழிகாட்டிகள் அப்படிச் சொல்வார்கள். காலக்கணக்கு ஒத்துவரவில்லை. 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கும் முன்பே அந்த ஞாயிறு ஆட்டங்கள் தேய்ந்துவிட்டன. ஜாஸ் வருவது அதற்கு முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து. கிளாரினெட் மேதை சிட்னி பெஷே, தன் தாத்தா அங்கே மேளம் அடித்த அடிமை என்று அழகாகக் கதை சொல்லியிருக்கிறார். அதில் ஊரில் உலவிய பழைய வாய்மொழிக் கதை ஒன்று கலந்திருக்கிறது என்று பின்னால் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இடையில் நடந்தவை பல. ஹெய்ட்டிப் புரட்சிக்குத் தப்பிக் கியூபாவில் தங்கியிருந்தவர்கள் 1809இல் அங்கிருந்தும் விரட்டப்பட்டார்கள். 9,000க்கும் மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் நியூ ஆர்லியன்ஸில் இறங்கினார்கள். வெள்ளையர், சுதந்திரக் கறுப்பர், அடிமைகள் என்று ஒவ்வொரு பிரிவும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. நகரத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. கரீபியத் தாளமும் அவர்களோடு வந்தது.

அடுத்தது, பலரும் விட்டுவிடுகிற விஷயம். அமெரிக்காவுக்குள்ளேயே நடந்த அடிமை வியாபாரம். வர்ஜீனியா, மேரிலாண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து சுமார் 10 லட்சம் பேர் தெற்கே பருத்தித் தோட்டங்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் விற்கப்பட்டார்கள். குடும்பங்கள் சந்தையில் பிரிந்தன. நாட்டிலேயே பெரிய அடிமைச் சந்தை நியூ ஆர்லியன்ஸ். இப்படி வந்தவர்கள் ஆங்கிலம் பேசிய பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள். ஸ்பிரிச்சுவல்ஸ் எனப்படும் பக்திப் பாடல்கள் அவர்களோடு வந்தன. காங்கோ சதுக்கத்தின் மேளத்தைவிட இந்தப் பாடல்களுக்கு ஜாஸ் அதிகம் கடன்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

போருக்குப் பிறகு ஊர் முழுக்க பித்தளை வாத்தியக் குழுக்கள். கறுப்பின மக்களின் சங்கங்கள் தங்கள் உறுப்பினர் இறந்தால் வாத்தியத்தோடு அடக்கம் செய்யும். இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான தேவாலயப் பாட்டு, திரும்பும்போது துள்ளல். பிரெஞ்சு பேசிய கலப்பினக் கிரியோல் குடும்பங்களில் பிள்ளைகள் முறையாக இசைக்குறிப்பு படித்தார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஹோமர் பிளெஸ்ஸி 1892இல் ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறிக் கைதானார். அந்த வழக்கில் 1896இல் உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினை செல்லும் என்று தீர்ப்பளித்தது. கிரியோல்களும் மற்றக் கறுப்பர்களும் ஒரே கோட்டுக்குக் கீழே தள்ளப்பட்டார்கள். படித்து வாசித்தவர்களும் காதால் வாசித்தவர்களும் ஒரே குழுவில் உட்கார நேர்ந்தது இதனால்தான் என்பார்கள். கொஞ்சம் எளிமையான விளக்கம்தான். அதற்கு முன்பே கலப்பு தொடங்கிவிட்டது. ஆனால் வேகம் கூடியது அப்போதுதான்.

கரீபியத் தாளம் என்றால் எது? காதில் எப்படி அடையாளம் காண்பது?

காலால் நான்கு சம அடி போடுங்கள். அதற்கு மேல் வாயால் "தகிட தகிட தக" என்று சொல்லுங்கள். மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. சொல்லின் அழுத்தம் காலோடு முதல் அடியில் சேரும், நடுவில் விலகும், கடைசியில் மறுபடி சேரும். ஹவானாவிலும் போர்ட்டோ பிரின்ஸிலும் நியூ ஆர்லியன்ஸிலும் ஒலித்தது இந்த எட்டுதான். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இதை இன்றும் கேட்கலாம். பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் 1938இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக வாசித்துப் பதிவுசெய்தபோது, ஸ்பானியச் சாயல் இல்லாவிட்டால் ஜாஸுக்கு மசாலா சரியாக அமையாது என்றார். அவர் வாசித்துக் காட்டிய இடது கை இதே எட்டுதான்.

ப்ளூஸ் அடிமைகள் பாடிய பாட்டா?

விடுதலைக்குப் பிறகு வந்தது. அடிமைக்காலப் பாடல்கள் பெரும்பாலும் கூட்டமாகப் பாடியவை. ப்ளூஸில் ஒற்றை ஆள் "நான்" என்று தொடங்குகிறார். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தாலும் மிசிசிப்பியில் குத்தகைக் கடனும் சிறைக் கைதிகளைப் பண்ணை வேலைக்கு விடுவதும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வயலில் தனியே நின்று நீட்டிக் கூவும் குரல், கைதிகள் கோடரி வீச்சுக்கு ஏற்பப் பாடிய பாட்டு, இவைதான் ப்ளூஸின் தாய்வீடு.

ஐரோப்பிய ஸ்வர வரிசையில் மூன்றாவதையும் ஏழாவதையும் கொஞ்சம் இறக்கி, அந்தந்த ஸ்வரத்துக்கும் அதற்கு அடுத்த கீழ்க்கட்டைக்கும் நடுவில் தொங்கவிடுவதுதான் ப்ளூஸ் ஸ்வரம். பியானோக் கட்டைகளுக்கு இடையே விழுகிற இடம் அது, அதனால்தான் பியானோக்காரர்கள் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் சேர்த்து அழுத்துகிறார்கள். மிசிசிப்பியின் டெல்டாப் பகுதியில் சிறுவர்கள் துடைப்பத்துக் கம்பியை வீட்டுச் சுவரில் ஆணியடித்துக் கட்டி, பாட்டிலை அதன்மேல் தேய்த்து வாசிப்பார்கள். ஒற்றைத் தந்தியில் பொருளைத் தேய்க்கும் அந்த முறை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கத்தியைத் தேய்த்து கிட்டார் வாசித்த ஒருவரை, 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி சொல்லியிருக்கிறார்.

அடிமைகள் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள் என்றால் அவ்வளவு மோசமாக இல்லை போலிருக்கிறதே?

இதை இன்றும் கேட்கிறார்கள். பதில் 1845இலேயே வந்துவிட்டது. மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்து தப்பியோடிய பிரெடரிக் டக்ளஸ், அடிமைகள் அதிகம் பாடுவது அதிகத் துயரத்தில் இருக்கும்போதுதான் என்று எழுதினார். அந்தப் பாட்டு மகிழ்ச்சியின் அடையாளம் என்று வடமாநிலத்தார் நினைப்பதைக் கண்டு திகைத்துப்போனதாகவும் சொன்னார்.

பாடல்களில் தப்பிக்கும் வழி ரகசியமாக ஒளிந்திருந்ததா?

சில இடங்களில் ஆம். பலரைத் தப்பவைத்த ஹாரியட் டப்மன், பாட்டை சமிக்ஞையாகப் பயன்படுத்தியதைத் தானே சொல்லியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு ஸ்பிரிச்சுவலும் ஒரு வரைபடம் என்கிற கதைகளை நம்ப வேண்டாம். துருவ நட்சத்திரத்துக்கு வழிகாட்டும் சுரைக்குடுவைப் பாட்டு என்று பிரபலமானது முதலில் அச்சானதே 1928இல்தான்.

முதல் ஜாஸ் கலைஞர் யார்?

பட்டி போல்டன் என்று பலரும் சொல்வார்கள். 1877இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கார்னெட் கலைஞர். 1907இல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு நொடிகூடப் பதிவாக நமக்குக் கிடைக்கவில்லை. கேட்டவர்களின் சொல்லில்தான் வாழ்கிறார்.

எனக்கு இன்னொருவரைச் சொல்லத் தோன்றுகிறது: டிராம்போன் கலைஞர் கிட் ஓரி. 1811 ஜனவரியில் அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய அடிமைக் கிளர்ச்சி, நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டம் ஒன்றில் வெடித்தது. மேளமும் கொடியுமாக நகரத்தை நோக்கிப் போனவர்களைப் பிடித்துக் கொன்று, தலைகளைக் கழிகளில் செருகி ஆற்றோரம் நட்டார்கள். அதே தோட்டத்தில் 1886 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர் ஓரி. 1922இல் அவருடைய குழு லாஸ் ஏஞ்சலஸில் செய்த பதிவுதான் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின ஜாஸ் குழு ஒன்றின் முதல் இசைத்தட்டு.

முதல் ஜாஸ் இசைத்தட்டு வெள்ளைக்காரர்களுடையதா?

ஆம், 1917 பிப்ரவரி 26. ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற, வெள்ளையர் மட்டும் இருந்த குழு. நன்றாக விற்றது. குழுவின் கார்னெட் கலைஞர் நிக் லரோக்கா பிற்காலத்தில் ஜாஸில் கறுப்பர்களுக்குப் பங்கே இல்லை என்று வாதாடினார். கேட்க ஆள் குறைவு, நல்ல வேளை. கறுப்பினப் பாடகி பாடிய ப்ளூஸ் தட்டு வர 1920 ஆனது. பாடியவர் மேமி ஸ்மித். அது விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் கம்பெனிகள் கறுப்பின வாடிக்கையாளர்களுக்கென்று தனி வரிசை தொடங்கின. ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் அவ்வளவு பெரிய நட்சத்திரம், ஆனாலும் தட்டுக்கு இவ்வளவு என்று கைக்காசு கொடுத்தார்களே தவிர ராயல்டி கொடுக்கவில்லை.

ஜாஸில் ஆப்பிரிக்க மேளக்கட்டு ஏன் கேட்பதில்லை? கியூபா இசையில் கேட்கிறதே?

முதலில் சொன்ன கணக்கு இங்கேதான் வேண்டும். கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரே இனத்தவர் கூடி வாழ அங்கே சங்கங்கள் இருந்தன, மேளமும் சடங்கும் கைமாறின. அமெரிக்கா 1808இலேயே இறக்குமதியைச் சட்டப்படி நிறுத்திவிட்டது. அதற்குப் பின் அங்கே வளர்ந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள், எஜமானரின் கண்ணுக்கு முன்னால். மேளம் போய், தாள உணர்வு மிஞ்சியது.

1947இல் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி தன் குழுவில் சானோ போஸோ என்ற கியூபக் காங்கா மேளக்காரரைச் சேர்த்துக்கொண்டார். நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அந்த வெறுங்கை மேளம் ஒலித்தது. மேளத்தைத் தடைசெய்த தென் கரோலினாச் சட்டத்துக்கு 207 ஆண்டுகள் கழித்து.

ஜாஸ் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போனதா?

போனது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1956இல் இன்றைய கானாவுக்குப் போனபோது பெருங்கூட்டம் திரண்டது; தன் முன்னோர் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள்தான் என்று உறுதியாக நம்பினார். பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டன் மொராக்கோவிலேயே சில ஆண்டுகள் தங்கி க்னாவா இசைக்காரர்களோடு வாசித்தார். அவர்களும் சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்தான்.

நம் பக்கத்தில் இப்படி ஏதாவது உண்டா?

இலங்கையில் உண்டு. போர்த்துகீசியரும் பின்னர் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பையடியில் வாழ்கிறார்கள். போர்த்துகீசியத்திலிருந்து பிறந்த கலப்பு மொழியான கிரியோலில் மஞ்சா பாடல்கள் பாடுவார்கள். தாளத்துக்குத் தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, பாட்டில். கல்யாண வீடுகளில் எல்லோரும் ஆடுகிற பைலாவில் அவர்களுடைய தாளம் இருக்கிறது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் 1947, 48இல் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப் பண்ணையில் பதிவுசெய்த கைதிகளின் பாடல்களிலிருந்து. கோடரி விழும் சத்தம்தான் தாளம். அடுத்து பெஸ்ஸி ஸ்மித் 1925இல் பாடிய "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்". அவர் வரி முடிக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் பதில் சொல்வதைக் கவனியுங்கள். பிறகு நியூ ஆர்லியன்ஸ் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் குழுவின் 1923 பதிவுகள். ஒலித்தரம் மோசம், ஹெட்ஃபோனில் கேட்டால் தேவலை. டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் 1960இல் விடுதலைப் போராட்டத்தை வைத்துச் செய்த தொகுப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏபி லிங்கன் பாட, நைஜீரியாவின் ஒலடுஞ்சி மேளம் வாசிக்கிறார். ஓரிடத்தில் லிங்கன் சொல்லே இல்லாமல் அலறுவார், அதனால் வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் சத்தமாக வைக்காதீர்கள்.